உடலுக்கும் உரம், நிலத்துக்கும் உரம்

அரிசிச் சோறு ஒன்றையே உண்டு உடலைப் பேணுதல் இயலாது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உண்டு. அதே அளவு பாசிப்பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் உண்டு. மேலும், அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் சத்து பயற்றில் மிகுதி. ஆகவே, இரண்டும் சேர்ந்த பொங்கல் நிறைவான உணவாகிறது. கருவுற்ற தாய்மார்க்கு வேண்டிய இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பயற்றில் உள்ளன.

இனி, நிலத்துக்கு விளையும் நன்மையைக் காண்போம். காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன் இருப்பினும், நெற்பயிர் அதனை நேரே ஏற்க வல்லதன்று. பயறு, உளுந்து, பட்டாணி ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் அதனைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. 1880களில் ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் பட்டாணிச் செடியைக்கொண்டு இவ்வுண்மையை மெய்ப்பித்தனர். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதுவே அது நன்கு தொழிற்படுவதன் அடையாளம். யூரியாவை மிகுதியாக இடின், ஒரு பகுதி நிலத்தடி நீரை மாசுபடுத்தும். பயறு தானே தேடிக்கொள்ளும் தழைச்சத்தில் அக்கேடு குறைவு.

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்னர், வயல் ஈரத்திலேயே பயறு தெளிப்பது வழக்கம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும். உழவு வேண்டா; எஞ்சிய ஈரமும் பனியுமே பயிரை வளர்க்கும். ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தித் தெளித்தல் நன்று.

அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்குதல் கூடாது. பயிர் சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி மணிகளுக்குச் சென்றுவிடும். எஞ்சியதும் வேரோடு களத்துக்குப் போய்விடின் நிலத்துக்கு யாது பயன்? தரைமட்டத்தில் அரிவாளால் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுதல் வேண்டும்.

மற்றொரு இடையூறும் உண்டு. நெல் அறுத்தவுடன் மாடுகளை வயல்களில் அவிழ்த்துவிடுவதால், இளம் பயிர் அழிகிறது. பலர் பயறு தெளிக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தனி ஒருவரால் இதனைத் தடுத்தல் அரிது. ஊர் கூடினால் எளிது. பயறு வீடு சேரும்வரை, ஏறத்தாழ 70 நாட்கள், மேய்ச்சலுக்குத் தனி இடம் ஒதுக்க அறுவடைக்கு முன்னரே கிராம சபையில் தீர்மானித்தல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.