எலும்பெல்லாம் மரம்

மோரிஸ் மைனர் டிராவலர் காரின் பின்பாதியில் தெரியும் மரச்சட்டங்களைப் பார்க்கிறவர்கள் அவற்றை வெறும் ஒப்பனை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டங்களைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை புரியும். பின்கூரைக்குத் தாங்கல் இருக்காது, சன்னல் கண்ணாடிக்கு இடம் இருக்காது, பின்கதவு இரண்டும் தொங்குவதற்குத் தூண் இருக்காது. முன்கதவு வரைக்கும் எஃகு உடல். அதற்குப் பின்னால், எஃகுத் தளத்தின் மேல் எழும்பி நிற்பது ஆஷ் மரத்தால் ஆன கூடு. சட்டங்களுக்கு நடுவே அடைத்திருப்பதும் கூரையாகப் போர்த்தியிருப்பதும் அலுமினியத் தகடு. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில், மரம் உளுத்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கார்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். துருப்பிடித்த சேசிஸும் இற்றுப்போன சட்டமும் சோதனை செய்பவருக்கு ஒன்றுதான்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. இந்தியாவில் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் ஓடியதும், யாழ்ப்பாணத்தில் பல காலம் குடும்பக் காராக உழைத்ததும் இதன் உடன்பிறப்புகள்தான். டிராவலர் வடிவம் 1953-இல் வந்தது. எஃகு உடலுக்குப் பெரிய அச்சுகள் வேண்டும், அவற்றுக்குப் பெரும் முதலீடு வேண்டும். மரக்கூட்டுக்கோ தச்சுப் பட்டறை போதும். 1971 வரை இதே முறையில் செய்தார்கள். மனிதன் நிலவில் நடந்த பிறகும், ஒரு கார் தொழிற்சாலையில் தச்சர்களுக்கு வேலை இருந்தது. 1960-இல் வந்த மினி டிராவலரிலும் மரம் உண்டு, ஆனால் அது எஃகின் மேல் ஒட்டிய மரம். பிடுங்கி எறிந்தாலும் வண்டி ஓடும்.

ஆஷ் என்பது ஐரோப்பியக் காட்டு மரம். தாவரவியல் கணக்கில் நம் மல்லிகைக்குச் சொந்தம், இரண்டும் ஆலிவ் குடும்பம். கிரிக்கெட் ஸ்டம்பும் கோடரிப் பிடியும் இந்த மரத்தில்தான் செய்வார்கள். நீளமான, நேரான நார் ஓட்டம் கொண்டது. அடி விழுந்தால் முறியாமல் கொஞ்சம் வளைந்து, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை. காய்ந்த ஆஷ் மரத்தின் எடை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 690 கிலோ. எஃகுக்கு அது 7,850 கிலோ.

இவ்வளவு நல்ல மரத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெயும் அதன் இயற்கைக் காப்புப் பொருள்களும் ஆஷ் மரத்தில் கிடையாது. மரங்கள் பூஞ்சையை எவ்வளவு காலம் எதிர்த்து நிற்கும் என்று ஐரோப்பியத் தரநிலை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஆஷ் இருப்பது கடைசி வகுப்பில். வசந்த காலத்தில் வேகமாக வளரும்போது இந்த மரம் அகன்ற நீர்க்குழாய்களை உருவாக்கிக்கொள்கிறது. பலகையை அறுத்த முனையைக் கூர்ந்து பார்த்தால், அந்தக் குழாய்களின் வாய்கள் ஊசித் துளைகளாக வரிசையில் தெரியும். மரம் பக்கவாட்டில் குடிக்கும் தண்ணீரைவிட அந்த முனை வழியாகக் குடிப்பது பல மடங்கு அதிகம். டிராவலரில் மூலைத் தூணும் கீழ்ச்சட்டமும் சந்திக்கிற ஒவ்வொரு இணைப்பும் அப்படிப்பட்ட ஒரு முனைதான்.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரப்பதம் வேண்டும். மரத்தின் காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை அது தலையெடுக்காது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைகிற சட்டம் பல பத்தாண்டுகள் தாங்கும். கெடுப்பது, உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் தேங்கும் தண்ணீர். இந்தக் காரைச் சீரமைக்கும் வேலை முழுவதையும் இந்த ஒரு கண் கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிராவலரின் பின்சன்னல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்துத் திறக்கும் கண்ணாடிகள், அவை ஓடுவதற்கு ஒரு பள்ளம், பள்ளத்தில் விழும் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள். புழுதியும் இலைச் சருகும் சேர்ந்து துளையை அடைத்தால் பள்ளம் வாய்க்காலாகிவிடும். முதலில் பாசி பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் காளானே முளைக்கும். அந்தத் தண்ணீர் இறங்குவது சன்னலுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்துக்குள். மேலே வார்னிஷ் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் பஞ்சாகியிருக்கும். அடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது சக்கர வளைவுக்கு மேலுள்ள மரம். பனிக்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவும் உப்பும் சேறும் நேராக அதன் அடியில்தான் அறைகின்றன.

ஸ்க்ரூவைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அது வேறு கதை. ஈர மரத்தில் துருவேறும் இரும்பு, மரத்திலுள்ள டானின் வகைப் பொருள்களோடு கூடிக் கருநீலமாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அந்த இரும்பைப் பிடித்து இழுத்துக் கறையை நீக்கிவிடும். அது நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம். ஆனால் கறை போனதும் மரம் தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. துரு வெளிவிடும் அயனிகள் மரநாரையே அரிப்பதால், கறுத்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்குமா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.

நோயறிய மூன்று கருவிகள் போதும். கூர்மையான குத்தூசியால் இணைப்புகளின் அடியில் குத்திப் பாருங்கள்: நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், கெட்ட மரம் உள்ளே விட்டுவிடும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாகிற இடத்தில் நிறுத்துங்கள். மூன்றாவது, இரண்டு முள் கொண்ட ஈரமானி. காய்ந்த மரம் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும், ஈரம் ஏற ஏற அந்தத் தடை சரசரவென்று இறங்கும். கருவி அளப்பது அந்தத் தடையைத்தான். ஒரே சட்டத்தின் மேலும் கீழும் எண் மாறினால், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

உளுத்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் பட்டி பூசிச் சாயம் அடித்து விற்பவர்கள் உண்டு. அதை நான் பழுதுபார்ப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பாரம் தாங்கும் சட்டத்தில் பட்டிக்கு வேலை கிடையாது. அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டவும் செய்யும்.

வீட்டில் செய்கிறவர்கள் ஆசையில் மரத்திலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம். முதலில் இரும்பு. பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், தளத்தின் ஓரங்கள், கதவடிச் சட்டம் எல்லாவற்றையும் வெல்டிங் செய்து முடித்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். மரக்கூட்டின் அளவுகள் எல்லாம் அந்தத் தளத்திலிருந்துதான் பிறக்கின்றன. தளம் சற்றுத் தொய்ந்திருக்கும்போது மரத்தைப் பொருத்தினால், பிறகு தளத்தை நிமிர்த்தும் நாளில் கதவு மூடாது. வெல்டிங் தீப்பொறி புது மரத்தைக் கருக்கிவிடும் என்பதும் ஒரு காரணம். பழைய கூட்டைக் கழற்றும் முன் முன்கதவு வாயிலில் குறுக்காக ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து இறுக்கிவிடுங்கள். பழைய சட்டம் எவ்வளவு உளுத்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். புது மரம் ஏறி உட்காரும்வரை அதுதான் உங்கள் வரைபடம்.

பிரிட்டனில் அறுத்து, இணைத்து, தயாராக வரும் மரக்கூடுகளை விலைக்கு வாங்கலாம். அப்படி வாங்கினாலும் நேராகப் பசை போட்டு ஒட்டிவிட முடியாது. முதலில் எல்லாவற்றையும் பசையில்லாமல் நிறுத்தி, கிளாம்ப் போட்டு, பின்கதவுகளைத் தொங்கவிட்டு, திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வரும்வரை விடக் கூடாது. பொறுமை இங்கேதான் கரையும், வேலையின் தரமும் இங்கேதான் தீர்மானமாகிறது. பிறகு கழற்றி, அறுத்த முனைகளை எல்லாம் பூஞ்சைத் தடுப்பு மருந்தில் ஊறவிட்டு, நன்றாகக் காயவைத்து, தண்ணீருக்கு இளகாத பசையால் இணைக்க வேண்டும். அலுமினியத் தகடு உட்காரும் காடியில் மாஸ்டிக் என்ற நெகிழும் அடைப்பானை நிரப்புவதற்கும் காரணம் உண்டு. மரம் ஈரத்துக்கு ஏற்பக் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும், நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. தகடோ வெப்பத்துக்கு ஏற்ப அசைகிறது. இந்த இரண்டு அசைவுக்கும் இடம் கொடுக்காத மேற்பூச்சு ஒரே குளிர்காலத்தில் வெடித்துவிடும்.

மேற்பூச்சைப் பற்றித் தீராத சர்ச்சை உண்டு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர், மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினை உடைக்கிறது. கவனிக்காத மரம் சாம்பல் நிறமாவது அதனால்தான். படகுக்குப் பூசும் கடினமான வார்னிஷ் அழகானது. ஆனால் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் அதன் வழியாகத் தண்ணீர் நுழைந்து அடியில் சிக்கிக்கொள்ளும். நீராவியை வெளியே விடும் நுண்துளைப் பூச்சின் மினுமினுப்பு குறைவு, ஆயுள் அதிகம். நான் இரண்டாவதன் பக்கம். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் உலர்வது ஆக்சிஜனோடு வினைபுரிந்து. அப்போது வெப்பம் பிறக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேறாமல் கூடிக்கூடித் தானே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இழைத்த தூளும் ஆபத்தானது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் வேண்டும்.

இந்தக் கார்களை விரும்புகிறவர்களுக்கு இப்போது ஒரு புதிய கவலை வந்திருக்கிறது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை, 1990-களில் போலந்தில் ஆஷ் மரங்களின் நுனிக் கிளைகளைக் கருகவைக்கத் தொடங்கியது. 2012-இல் அது பிரிட்டனில் தென்பட்டது. தன் சொந்த மண்ணின் ஆஷ் இனங்களோடு பெரிய சேதமில்லாமல் வாழ்ந்துவந்த பூஞ்சை அது. ஐரோப்பிய ஆஷ் மரத்துக்கு அதை எதிர்க்கும் திறன் மிகக் குறைவு. அட்லாண்டிக்குக்கு அப்பால், 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று வட அமெரிக்க ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. எதிர்ப்புள்ள மரங்களைத் தேடும் ஆய்வும், விதைகளைச் சேமிக்கும் பணியும் பிரிட்டனில் நடக்கின்றன.

நோயுற்று நின்றபடியே காய்ந்த ஆஷ் சீக்கிரம் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஏறி வெட்டுகிறவர்களுக்கே அது ஆபத்து. காருக்கு வேண்டியது வளைந்து கொடுக்கும் மரம். அதனால் நோய் முற்றுவதற்குள் வெட்டிப் பலகையாக்கிவிட வேண்டியிருக்கிறது. காற்றில் உலர்த்தும் பலகைக்கு, ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது தச்சர்களின் கணக்கு. இந்த ஆண்டு அறுத்து அடுக்கிய இரண்டு அங்குலப் பலகை டிராவலரின் மூலைத் தூணாவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகும்.