சாலை காணாத மகிழுந்துகள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் பெருவழியில் நாள்தோறும் எண்ணற்ற மகிழுந்துகள் விரைகின்றன. அவற்றைக் காணும் நாம், திட்ட நிலையிலேயே கைவிடப்பட்ட மகிழுந்துகளும் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவை ஏன் கைவிடப்பட்டன என்பதை அறிவது மாணவர்க்கும் பெரியோர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

இதே பெருவழியிலுள்ள மறைமலைநகரில் 1999 முதல் 2022 வரை மகிழுந்துகளை உருவாக்கியது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம். அந்நிறுவனம் 1950களின் இறுதியில் ‘நியூக்ளியான்’ என்னும் அணுவிசை மகிழுந்தைத் திட்டமிட்டது. பின்புறத்தில் சிறிய அணு உலை. ஒருமுறை எரிபொருள் இட்டால் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஓட்டம். ஆயின் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தின் எடையைச் சிற்றூர்தி தாங்காது; விபத்து நேரின் விளைவோ கொடிது. எனவே அத்திட்டம் சிறிய மாதிரியுருவோடு நின்றது. கிரைஸ்லர் நிறுவனம் 1963 முதல், விசையாழிப் பொறி பொருத்திய 50 மகிழுந்துகளை 203 பேரிடம் முறைவைத்து ஓட்டக் கொடுத்தது. அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. எனினும் உற்பத்திச் செலவு மிகுதியானமையால் அதுவும் கைவிடப்பட்டது.

இவை பொறியியலின் தடையாலும் பொருட்செலவாலும் நின்றவை. வேறொரு காரணத்தால் நின்ற முயற்சி நம் தமிழகத்தில் உண்டு. கோவை மாவட்டம் கலங்கலில் 1893இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைக் கொண்டு தொழில் தொடங்கியவர். அவர் 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் மகிழுந்தை 2,000 ரூபாய் விலையில் வழங்க முன்வந்தார். அதற்கு அரசின் உரிமம் கிட்டவில்லை.

எதனை, எங்கே, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதற்கெல்லாம் அரசின் இசைவு தேவைப்பட்ட காலம் அது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வாறு விதித்தது. மூலதனமும் அந்நியச் செலாவணியும் அரிதாயிருந்த இளங்குடியரசு, ஒருசில நிறுவனங்களையே ஊக்குவித்தது. எனினும் எளியோர்க்கான மகிழுந்து என்னும் எண்ணம் மடியவில்லை. 1960இல் எல்.கே. ஜா குழு அதனை வலியுறுத்தியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்!

ஒரு திட்டம் கைவிடப்படுவதால் அதன் அறிவும் அழிய வேண்டுவதில்லை. 1206இல் அரபு மொழியில் பொறிகளைப் பற்றி நூல் யாத்த அல்ஜஸரீ, உறுப்புகளை வரைந்து, செய்முறையையும் விளக்கி வைத்தார். அதனாலன்றோ 1976இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய நீர்க்கடிகாரம் மீண்டும் உருப்பெற்றது!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பட்டறைகளில் உழைக்கும் இளைஞர் மனத்தில் எத்தனையோ புதிய எண்ணங்கள் முளைக்கின்றன. அவை எழுத்தில் ஏறாமலே மறைகின்றன. நம் மாணவர் வரையும் திட்ட ஏடுகளும் ஆண்டிறுதியில் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. இவற்றைத் தமிழில் எழுதுவித்து, நூலகத்தில் வைத்துப் பேணுதல் தமிழ்த்துறையின் கடமையே. முதலீடு செய்ய வல்ல பெரியோர் அவ்வேடுகளை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இன்று உரிமம் பெறாத எண்ணம் நாளை ஒரு தலைமுறைக்கு வழிகாட்டக்கூடும். அதற்கு இறையருள் துணைநிற்பதாக!