இரு கணனிகளும் ஏன் பேச மறுக்கின்றன?

ஜேர்மனியில் வாழும் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று குறைந்தது இரண்டு கணனிகள் உண்டு. புதியது பிள்ளைகளின் மடியில் இருக்கும். பழையது வரவேற்பறை மூலையில் தூசி படிந்திருக்கும். ஆயினும், ஊரிலிருந்து கைக்கு எட்டிய சில புகைப்படங்களின் பிரதிகள், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகள், தமிழ்ப் பாடசாலைகளின் பழைய வினாத்தாள்கள் யாவும் அந்தப் பழையதனுள்ளேயே கிடக்கின்றன. அவற்றுட் பலவற்றுக்கு மூலம் இப்பொழுது எங்கும் இல்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர் புதிய கணனி வாங்கியோர் பலர். பழையதை அகற்றுமுன் உள்ளவற்றை வீட்டு வலையமைப்பின் வழியே மாற்ற முனையும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது.

இத்தகைய வேளையில் வீட்டிலுள்ள இளையோர் உடனே கூறும் பரிகாரம், "தீச்சுவரை நிறுத்திவிடுங்கள், கடவுச்சொல்லை எடுத்துவிடுங்கள்" என்பதாகும். சில சமயம் அது பலனளிப்பதும் உண்மையே. பூட்டுத் திறக்கவில்லையென்று கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பானது அது. எந்த இடத்தில் தடை உள்ளது என்பதை அறிந்தால் அந்த ஓரிடத்தை மாத்திரம் திருத்தலாம்.

தடை எங்குள்ளது என்பதைக் கணனி காட்டும் அறிவித்தலே பெரும்பாலும் உணர்த்திவிடும். "வலையமைப்புப் பாதை காணப்படவில்லை" என்றோ 80070035 என முடியும் இலக்கத்துடனோ பிழை வந்தால், புதிய கணனி பழையதைச் சென்றடையவே இல்லை. மாறாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்பட்டால், அல்லது "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால், பாதை சரியானது, வாசலிலேதான் சிக்கல். இவ்விரண்டையும் பிரித்தறியாது அங்குமிங்கும் சொடுக்குவதாலேயே பலரது மாலைப்பொழுது வீணாகின்றது.

முதலிற் பாதையைப் பார்ப்போம். இரு கணனிகளிலும் வலையமைப்பு அமைப்புகளைத் திறந்து, ஐபிவி4 முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்நாட்டிற் பரவலாயுள்ள ஃபிரிட்ஸ்பொக்ஸ் வழிப்படுத்தி, மாற்றப்படாத நிலையில், தன் வீட்டு வலையமைப்புக்கு 192.168.178 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கும். விருந்தினர் வைஃபையில் இணைவோருக்கோ 192.168.179 என்று தொடங்குபவை கிடைக்கும். ஓரிலக்க வேறுபாடுதானே என்று எண்ணற்க. விருந்தினர் வலையமைப்பு வீட்டுக் கணனிகளை அணுகாதவாறு வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டுள்ளது. இணையம் இரண்டிலும் சீராக இயங்குவதால், இரண்டும் ஒரே இடத்தில் உள்ளன என மயங்குவது இயல்பு. நிறுவனம் தந்த வழிப்படுத்திக்குப் பின்னால் சொந்தமாக இன்னொன்றைப் பொருத்தியுள்ள வீடுகளிலும் இதே பிரிவினை நேரலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால், அக்கணனிக்கு வழிப்படுத்தியிடமிருந்து முகவரியே கிட்டவில்லை; கம்பியையோ வைஃபை இணைப்பையோ முதலிற் கவனியுங்கள்.

முகவரிகள் பொருந்தியிருந்தால், புதிய கணனியின் கோப்பு உலாவியில், மேலுள்ள முகவரிப் பட்டையில், இரண்டு பின்சாய்கோடுகளும் பழைய கணனியின் முகவரியும் இடுங்கள், \\192.168.178.24 என்பது போல. அது திறந்து, கணனியின் பெயரை இட்டால் மட்டும் திறக்கவில்லையெனில், பெயரை முகவரியாக மாற்றும் பணியிலேயே குறை உள்ளது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. முகவரியைக் கொண்டே வேலையை முடித்துவிடலாம். "வலையமைப்பு" என்னும் பட்டியலில் பழைய கணனியின் படம் தோன்றாமையும் இவ்வாறே. அப்பட்டியல் வெறுமையாய் இருப்பதால் கணனியை அடைய முடியாது என்று முடிவு செய்தல் தவறு.

முகவரியாலும் திறக்கவில்லையா? பழைய கணனி உறங்கிவிட்டதா என்று பாருங்கள். விழித்திருந்தால் அதன் வலையமைப்பு வகையை நோக்குங்கள். விண்டோஸ் ஒவ்வோர் இணைப்பையும் "பொது" அல்லது "தனியார்" எனக் குறித்துவைக்கின்றது. பொது எனக் குறித்திருந்தால் விமான நிலையத்தில் இருப்பதாகக் கருதிக் கோப்புப் பகிர்வைத் தீச்சுவர் தடுத்துவிடும். வீட்டு இணைப்பைத் தனியார் என மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்கினாற் போதும். தீச்சுவர் தன் காவலைத் தொடரட்டும். அலுவலகம் தந்த கணனியாயின் அதன் விபிஎன் இணைப்பு வீட்டு வலையமைப்பை மறைத்திருக்கலாம். அத்தகைய கணனியில் குடும்ப ஆவணங்களை வைக்காதிருத்தலே நன்று என்பது என் எண்ணம்.

இனி வாசல். இங்கே எம்மவரைப் பெரிதும் அலைக்கழிப்பது கடவுச்சொல்லேயாகும். பழைய கணனியைத் திறக்கும் நான்கு இலக்கக் குறியீட்டை வலையமைப்பின் வழியே ஏற்கமாட்டாது. அது அந்தக் கணனியின் முன் அமர்பவருக்கு மட்டுமானது. முதியவர்களின் வசதிக்காகக் கடவுச்சொல்லே இல்லாது வைத்திருக்கும் கணக்கும் உதவாது. வெற்றுக் கடவுச்சொல்லுடன் வெளியிலிருந்து நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே தடுக்கின்றது. பழைய கணனியில் இப்பணிக்கென ஒரு புதிய பயனரைக் கடவுச்சொல்லுடன் உருவாக்குங்கள். புதிய கணனி கேட்கும்போது, பழைய கணனியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அப்பயனரின் பெயர் என்ற வரிசையில் இடுங்கள். உங்கள் புதிய கணனியின் கடவுச்சொல்லை அங்கு எத்தனை முறை இட்டாலும் பயனில்லை.

உள்ளே நுழைந்தும் கோப்புறை திறக்காவிடின், அனுமதி இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருப்பதை நினைவிற் கொள்க. பகிர்வுக்குரிய அனுமதி ஒன்று. கோப்புறைக்கே உரிய பாதுகாப்பு அனுமதி மற்றொன்று. இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். அப்புதிய பயனரை இரண்டிலும் சேர்த்து, "வாசிப்பு" என்னும் அனுமதியை மாத்திரம் கொடுங்கள். இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வலையமைப்பின் வழியே சென்று அழிக்கும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, அக்கணமே மறைந்துவிடும். வெட்டி ஒட்டுதலும் ஆகாது. பிரதி செய்தலே வேண்டும். வாசிப்பு அனுமதி மட்டும் இருந்தால், கை தவறினாலும் ஊர்ப் படங்கள் தப்பிப் பிழைக்கும்.

சில பழைய குறிப்புகள் "ஹோம்குரூப்" அமைக்கச் சொல்லும். அவ்வசதி 2018இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டது, தேடி அலையாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி கணனி வைத்திருப்போருக்கு இன்னொரு தடை உண்டு. அது எஸ்எம்பி 1 என்னும் பழைய பகிர்வு மொழியை மட்டுமே அறியும். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்னும் தீநிரல் அம்மொழியின் ஓட்டையொன்றின் வழியே உலகெங்கும் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடக்கியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பில் நிறுவப்படுவதில்லை. மீண்டும் அதனை இயக்கும் வழியைச் சிலர் சொல்லித் தருவர். வேண்டாம். எக்ஸ்பி கணனியின் இணையத்தைத் துண்டித்து, யுஎஸ்பி வன்தட்டிற் பிரதி செய்து கொண்டுவருவதே போதுமானது.

பிரதி முடிந்ததும் இரு கணனிகளிலும் கோப்புறையின் பண்புகளைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் பைற் அளவையும் ஒப்பிடுங்கள். சில படங்களையும் ஒலிப்பதிவுகளையும் திறந்து பாருங்கள். இவை ஒத்திருந்த பின்னரும், வேறொரு வன்தட்டில் மேலுமொரு பிரதி எடுக்கும்வரை பழைய கணனியை அகற்றாதீர்கள்.

இறுதியாக ஒன்று. பழைய வினாத்தாள்களைப் புதிய கணனியில் திறந்தவுடன், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகத் தோன்றலாம். கோப்பு வழியிற் பழுதடைந்துவிட்டது என அஞ்சி அழித்துவிடாதீர்கள். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. புதிய கணனியில் அவ்வெழுத்துரு இல்லை, அவ்வளவே. பழைய கணனியில் விண்டோஸ் கோப்புறையினுள் எழுத்துருக்களுக்கான கோப்புறை உண்டு. அங்கிருந்து பாமினியையும் பிரதி செய்து புதியதில் நிறுவினால், எழுதியவை எழுதியவாறே தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் வேலையைப் பின்னர் ஆறுதலாகச் செய்யலாம்.