ஒரு கோடும் இரண்டு கோடும்

போதைச் சிகிச்சையில் சிறுநீர்ப் பரிசோதனை என்றதும் நம்மவர்களுக்குப் பொலிஸ் ஞாபகம்தான் வருகிறது. சிகிச்சையில் அதன் வேலை வேறு: பிள்ளை மறுபடி சறுக்கினானா, சிகிச்சையை மாற்ற வேணுமா என்று பார்ப்பதற்கே அது.

சோதனைப் பட்டி வாங்கி வீட்டிலேயே பார்க்கும் வாப்பா உம்மாமார் ஒன்றைக் கவனிக்க வேணும். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு என்றால் 'உண்டு'. இது தலைகீழ். இரண்டு கோடு விழுந்தால் 'இல்லை'. மங்கலான கோடும் கோடுதான். பட்டியிலுள்ள சாயமேற்றிய பிறபொருளெதிரியைப் போதைப்பொருள் முந்திப் பிடித்துக்கொண்டால் சோதனைக் கோடு தோன்றாது. கட்டுப்பாட்டுக் கோடே விழாவிட்டால் அந்தப் பட்டி செல்லாது.

ஒரு கோடு விழுந்தாலும் பொறுக்க வேணும். தூள், அதாவது ஹெரோயின், உடம்பில் மோர்பினாகிறது. இருமலுக்குக் குடித்த கோடீனும் ஓரளவு அப்படித்தான். அபின் செடியின் விதையான கசகசாவிலும் (நாம் பலூடாவில் போடுவது வேறு, துளசியினம்) கொஞ்சம் மோர்பின் உண்டு. இதனாலேயே அமெரிக்க அரசு ஊழியர் பரிசோதனையில் 1998இல் எல்லையை மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமிலிருந்து 2000 ஆக்கினார்கள். எது உண்மை என்று பிரித்துச் சொல்ல ஆய்வுகூடத்தின் இரண்டாம் பரிசோதனை வேணும்.

இன்னொன்று, காலக் கணக்கு. ஹெரோயின் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். நாள்தோறும் இழுத்தவனின் கஞ்சாவோ, நிறுத்திச் சில கிழமை கழித்தும் காட்டும். கஞ்சாவை விட்டு இரண்டு கிழமையான மகனுக்கு ஒரு கோடு விழுந்தால், அவன் சொல்வது பொய் என்றாகாது.