சொல்லத் தெரியாத நோவு

தலையிடி வந்தால் வைத்தியரிடம் தலையிடி என்கிறோம். வயிற்றுக்குத்து என்றால், எவ்விடத்தில் குத்துகிறது, எப்பொழுது தொடங்கியது, உண்டபின் கூடுகிறதா குறைகிறதா என்றெல்லாம் விபரமாகக் கூறுகிறோம். வைத்தியத்திற் பாதி, நோயாளி கூறும் இச்சொற்களிலேயே தங்கியிருக்கிறது. நோவை உணர்ந்தும் அதனைச் சொல்லத் தெரியாத ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தால் அவர் கதி யாது?

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் பலரும், ஓட்டிசம் என்னும் தன்மை உடையோர் பலரும் இந்நிலையிலேயே வைத்தியசாலை வாயிலைக் கடக்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது, புதியவற்றை விளங்கிக்கொள்வதையும் அன்றாட அலுவல்களைத் தாமே செய்துகொள்வதையும் கடினமாக்குவது. பின்னது, ஒலியையும் ஒளியையும் உணரும் முறையும், பிறரோடு பழகும் முறையும் வேறுபட்டிருப்பது. ஓட்டிசம் உடையோருள் கூரிய அறிவு படைத்தோர் உளர். இரண்டும் ஒருங்கே அமைந்தோரும் உளர். மருந்தினால் தீர்க்கவேண்டிய நோய்கள் அல்ல இவை. ஆயினும், எல்லோரையும் போல இவர்களுக்கும் காய்ச்சல் வரும், பல் வலிக்கும், எலும்பு முறியும். அப்பொழுது இவர்களைப் பராமரிக்கும் வகையை இங்கிலாந்து பெருந்துயர்பட்டே கற்றது. அந்த வரலாற்றில் நம் குடும்பங்களுக்கும் பயன்தரும் பாடங்கள் உண்டு.

ஒரு தாயின் கடிதம்

முன்னாளில் அந்நாட்டில் இத்தகைய பிள்ளைகளைப் பெரும் வைத்தியசாலைகளிற் சேர்த்துவிடுதல் வழக்கமாயிருந்தது. சேர்ந்தவர்களுட் பலர் முதுமை வரை வெளியே வரவில்லை. 1946ஆம் ஆண்டில் ஜூடி பிறைட் என்னும் தாய், குறைபாடுள்ள தம் மகளை மனத்திற்கொண்டு, குழந்தை வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் போன்ற பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தார். அவ்வழைப்பிலிருந்து பிறந்த சங்கமே இன்று மென்காப் என்னும் பெயருடன் விளங்குகின்றது.

1958இல் ஜாக் ரிசாட் என்னும் உளவியலறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். லண்டன் பவுண்டன் வைத்தியசாலையிலிருந்து 16 பிள்ளைகளைச் சறே பகுதியிலுள்ள புறூக்லண்ட்ஸ் என்னும் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர்களை ஒத்த வேறு 16 பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே இருந்தனர். வீட்டிலே சிறு சிறு குழுக்களாக, விளையாட்டுடனும் ஆதரவுடனும் வளர்ந்த பிள்ளைகள், வைத்தியசாலையில் இருந்தவர்களைக் காட்டிலும் பேச்சில் முன்னேறினர். பிள்ளைகளின் குறை என்று எண்ணப்பட்டதில் ஒரு பங்கு, அவர்கள் வாழ்ந்த இடத்தின் குறையே என்பது தெளிவாயிற்று.

ஆயினும் உண்மை தெரிந்தவுடன் உலகம் மாறிவிடுவதில்லை. கார்டிவ் நகரத்து ஈலி வைத்தியசாலையில் நோயாளர் கொடுமைப்படுத்தப்பட்டமை 1969இல் வெளிவந்த விசாரணை அறிக்கையால் அம்பலமாயிற்று. இத்தகையோர் இயன்றவரை ஊருக்குள்ளேயே வாழவேண்டும் என்னும் கொள்கையை 1971இல் அரசாங்கம் வெளியிட்டது. பெரும் வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஆனால் சிறிய தனியார் வைத்தியசாலைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றாகிய, பிறிஸ்டல் நகருக்கு அண்மையிலிருந்த வின்ரர்போண் வியூவில் நோயாளர் அடித்துத் துன்புறுத்தப்பட்ட காட்சிகளை 2011 மே 31ந் திகதி பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஊழியர் 11 பேர் குற்றவாளிகளாயினர். அறுவர் சிறை சென்றனர். வைத்தியசாலையில் இருக்கத் தேவையற்றவர்களை 2014 யூன் மாதத்துக்குள் வெளியேற்றுவதாக அரசாங்கம் உறுதியளித்தது. அத்தவணை தவறியது. 2024ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ 2000 பேர் இங்கிலாந்தின் மனநல வைத்தியசாலைகளில் இருந்தனர். ஊருக்குள்ளே வீடும் துணையும் ஆயத்தமாகாவிடில் வைத்தியசாலைக் கதவு வெளிப்பக்கமாகத் திறவாது என்பதே இதன் பொருள்.

பொது வாட்டிலே

நிற்க. சாதாரண நோய்க்காகப் பொது வைத்தியசாலைக்குச் செல்வோர் நிலை என்ன? உரிய கவனிப்பின்றி மாண்ட அறுவர் கதையை 2007இல் மென்காப் வெளியிட்டது. தென்மேற்கு இங்கிலாந்தில் நடைபெற்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஆண்கள் ஏனையோரிலும் 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறப்பதை எடுத்துக் காட்டியது.

காரணங்களுள் முக்கியமானது ஒன்றைக் கூறுவோம். நோயாளி அலறினால், தலையைச் சுவரில் மோதினால், உணவை ஒதுக்கினால், “இது அவருடைய குறைபாட்டின் இயல்பு” என்று எண்ணிவிடுகின்றனர். எல்லாப் பழியையும் குறைபாட்டின் தலையிலே போட்டுவிட்டால், உள்ளேயிருக்கும் பல்வலியையோ, குடலடைப்பையோ எவர் தேடுவார்? வெறும் மலச்சிக்கலைக் கவனியாது விட்டதனாலும் இவர்களுட் சிலர் உயிரிழந்துள்ளனர்.

18 வயதினனாகிய ஒலிவர் மக்கோவன் 2016இல் மரணமடைந்தான். ஓட்டிசம் உடைய அவ்விளைஞனுக்குக் குறிப்பிட்ட வகை மனநோய் மருந்து கொடுக்கவேண்டாம் என்று அவனும் பெற்றோரும் கூறியிருந்தனர். ஆயினும் அது கொடுக்கப்பட்டது. மகனை இழந்த பெற்றோர் சோர்ந்துவிடவில்லை. சுகாதார சேவை ஊழியர் இத்தகையோர் பற்றிப் பயிற்சி பெறவேண்டும் என 2022ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அப்பயிற்சி இன்று அவன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஓர் ஏட்டின் உதவி

பெருஞ்செலவில்லாத நல்வழி ஒன்றையும் அங்கு கண்டுள்ளனர். அதற்கு வைத்தியசாலைப் பாஸ்போட் என்று பெயர். அதிலே சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பகுதிகள் உண்டு. சிவப்புப் பகுதியில் கட்டாயம் அறியவேண்டியவை: உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், வலிப்பு உண்டா என்பன. மஞ்சளில் அன்றாடப் பராமரிப்பு: எவ்வாறு உண்பார், எவ்வாறு பேசுவார், நோவு வந்தால் எவ்வாறு காட்டுவார் என்பன. பச்சையில் விருப்பு வெறுப்புகள். வாட்டிலே புதிதாகப் பொறுப்பேற்கும் தாதியும் இதனைப் படித்துச் சில நிமிடங்களில் நோயாளியை அறிந்துகொள்ளலாம்.

இத்தகைய பிள்ளை நம் வீட்டில் இருந்தால், ஒரு கொப்பித் தாளிலே இவற்றை இன்றே எழுதி வைத்தல் நலம். நோய் வந்து, நெஞ்சு படபடக்கும் வேளையில் எல்லாம் நினைவுக்கு வாரா. தாய் ஒருத்தியே அறிந்தவை பல உண்டு; அவள் அருகில் இல்லாத நாளும் வரக்கூடும் அன்றோ? வழக்கத்துக்கு மாறான உறக்கமின்மை, திடீர்க் கோபம், உணவில் வெறுப்பு ஆகியவற்றைக் கண்டால், “வழமையில் இவன் இப்படியல்லன், எங்கேனும் நோவு இருக்கிறதா என்று பாருங்கள்” என வைத்தியரிடம் தயங்காது கூறவேண்டும். நெரிசலும் இரைச்சலும் பொறுக்கமாட்டாத பிள்ளையாயின், அமைதியான ஒரு மூலையில் காத்திருக்க அனுமதி கேட்பதிலே வெட்கம் வேண்டியதில்லை. பழகிய போர்வையையோ விளையாட்டுப் பொருளையோ உடன் கொண்டு செல்லலாம்.

தாதியருக்கும் ஒரு விண்ணப்பம். கட்டிலருகே நின்று ஓயாது விபரம் சொல்லும் தாயைத் தொல்லையென்று எண்ணவேண்டாம். நோயாளியின் மொழியை அறிந்தவள் அவளே. அவள் சொல்லைக் கேட்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியேயாகும்.