ஆண்களோடு சைக்கிள் பந்தயம் ஓடிய பெண்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சைக்கிளில் போவார்கள். பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நூற்று இருபது வருஷங்களுக்கு முன்பு இத்தாலி நாட்டில் ஓர் ஏழைச் சிறுமி சைக்கிளில் போனாள். ஊரே திரும்பிப் பார்த்தது. பார்த்ததோடு விட்டதா? 'பாவாடை கட்டிய பிசாசு' என்று பட்டப் பெயரும் வைத்தது!

அவள் பெயர் அல்போன்சினா. 1891ஆம் ஆண்டில் பிறந்தவள். தகப்பனார் விவசாயக் கூலி. வீடு நிறையக் குழந்தைகள், சாப்பாட்டுக்கே திண்டாட்டம். ஒரு நாள் தகப்பனார் சில கோழிகளைக் கொடுத்து, ஒரு பழைய சைக்கிளை வாங்கி வந்தாராம். அதில் அவர் ஏறியதைவிட மகள் ஏறியதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பந்தயத்துக்குப் போய்விடுவாளாம். ஒரு பந்தயத்தில் அவளுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஒரு பன்றி! ஏழை வீட்டில் அது சின்னப் பரிசு அல்ல.

கேலி இத்தாலிக்கு மட்டும் சொந்தமல்ல. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991க்குப் பிறகு, அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் பழகினார்கள். அவர்களும் ஏச்சுப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் பெடலை மிதித்தார்கள்.

மாப்பிள்ளை தந்த பரிசு

அல்போன்சினாவைக் கட்டிக்கொண்ட லூயிஜி ஸ்ட்ராடா நல்ல மனிதர். கல்யாணப் பரிசாக அவர் மனைவிக்குக் கொடுத்தது நகையல்ல. ஒரு ரேஸ் சைக்கிள்! சைக்கிள் ஓட்டுவதே அந்தப் பெண்ணின் தொழிலாயிற்று. 1917இல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், லொம்பார்டி என்ற பெரிய பந்தயத்தில் ஆண்களோடு ஓடினார். கடைசியில் வந்தவர்களில் ஒருவராகத்தான் வந்தார். ஆனாலும் வந்து சேர்ந்தார். மறு வருஷமும் ஓடி முடித்தார்.

பிறகு குடும்பத்தில் இடி விழுந்தது. கணவருக்கு மனநோய். மருத்துவமனையில் வைத்துப் பார்க்கப் பணம் வேண்டும். அவரால் சம்பாதிக்க முடியாது. சைக்கிளை விட்டால் அல்போன்சினாவுக்கும் வேறு வழி இல்லை.

1924ஆம் வருஷம் வந்தது. 'ஜிரோ' என்பது இத்தாலி நாட்டையே சுற்றி வரும் பந்தயம். பணத் தகராறினால் அந்த வருஷம் பெரிய வீரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பந்தயம் நடத்திய பத்திரிகைக்கு ஆளும் வேண்டியிருந்தது, பரபரப்பும் வேண்டியிருந்தது. அல்போன்சினாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலில் அவர் பெயர் 'அல்போன்சின்' என்று வெளிவந்தது. கடைசி எழுத்து போனால் அந்த ஊரில் பெண் பெயர் ஆண் பெயர் மாதிரி ஆகிவிடும். வேண்டுமென்றே செய்த தந்திரம் என்று சொல்பவர்களும் உண்டு!

பந்தய தூரம் 3,613 கிலோமீட்டர். அதை 12 கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்துக்குச் சராசரி 300 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து சென்னை வரை ஒரே மூச்சில் மிதிப்பது போல! கட்டத்துக்குக் கட்டம் ஓய்வு நாள் உண்டு, அவ்வளவுதான். ரோடோ புழுதியும் கல்லும். தொப்பூர்க் கணவாய் மாதிரி ஏற்றங்கள் எத்தனையோ. இந்தக் காலத்துச் சைக்கிளில் இருக்கும் கியர் வசதியும் கிடையாது.

உடைந்தது ஹாண்டில்பார்

எட்டாவது கட்டத்தில் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. அல்போன்சினா சறுக்கி விழுந்தார். சைக்கிளின் ஹாண்டில்பார் முறிந்தது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் எப்படி ஓட்டுவது? அந்த ஊர்த் துடைப்பத்துக்கு நீளமான மரக் கம்பு உண்டு. அப்படி ஒரு கம்பை ஒடித்து ஹாண்டில்பாரில் பொருத்தினார்கள். அதைப் பிடித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் குறித்த நேரம் கடந்துவிட்டது.

சட்டப்படி அவர் விலக வேண்டும். நடுவர்களுக்குள் வாக்குவாதம். கடைசியில், வரிசையில் இடம் கிடையாது, ஓடுவதானால் ஓடலாம் என்று தீர்ப்பாயிற்று. அல்போன்சினா ஓடினார். பிறகு 415 கிலோமீட்டர் நீளமான ஒரு கட்டம். இருட்டிய பிறகு, அழுதுகொண்டே வந்து சேர்ந்தவரை ஜனங்கள் சைக்கிளிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டாடினார்கள்.

புறப்பட்டவர்கள் 90 பேர். வரிசையில் இடம் பெற்று மிலான் நகரத்துக்குத் திரும்பியவர்கள் 30 ஆண்கள். இடம் இல்லாமல் திரும்பியவர் ஒரு பெண். முதலில் வந்த என்ரீச்சியைவிட அவருக்கு 28 மணி நேரம் அதிகமாயிற்று. ஆனாலும் அபிமானிகள் வசூல் செய்து கொடுத்த பணமும் பரிசுமாகச் சேர்ந்தது 50,000 லிரா. அது கணவரின் வைத்தியச் செலவுக்கு உதவிற்று.

பின்னால் நடந்த ஜிரோ பந்தயங்களில் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய வீரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், இனி அவர் எதற்கு? சர்க்கஸிலும் நாடகக் கொட்டகையிலும் சைக்கிள் ஓட்டிப் பிழைத்தார். 1938இல், 47 வயதில், ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். கணவர் இறந்த பின் மறுமணம் செய்துகொண்டு, மிலானில் சைக்கிள் கடை நடத்தினார்.

பெண்களுக்கென்று தனியாக ஜிரோ பந்தயம் தொடங்கியது 1988இல்தான். அதற்கு 29 வருஷங்களுக்கு முன்பே, 1959 செப்டம்பர் 13ஆம் தேதி அல்போன்சினா காலமாகிவிட்டார். அன்றைக்கும் அவர் மோட்டார் சைக்கிளில் ஒரு சைக்கிள் பந்தயம் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தார்.