பிரித்தானியப் பட்ட வகுப்புகள்

பிரித்தானியப் பட்ட வகுப்புகள் என்பவை ஐக்கிய இராச்சியத்தின் பல்கலைக்கழகங்கள் இளநிலை ஆனர்சு பட்டங்களைத் தரப்படுத்தப் பயன்படுத்தும் பிரிவுகள் ஆகும். அந்நாட்டில் முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கைத் தகுதி பெரும்பாலும் இவ்வகுப்புகளைக் கொண்டே குறிக்கப்படுகிறது. "முதல் வகுப்பு" என்ற பெயர் தமிழ்நாட்டிலும் வழங்குகிறது. எனினும், இரண்டும் ஒரே தகுதியைக் குறிப்பன அல்ல.

வகுப்புகள்

பொதுவாகப் பின்பற்றப்படும் மதிப்பெண் எல்லைகள் பின்வருமாறு:

* முதல் வகுப்பு - 70, அதற்கு மேல்
* மேல் இரண்டாம் வகுப்பு (2:1) - 60 முதல் 69 வரை
* கீழ் இரண்டாம் வகுப்பு (2:2) - 50 முதல் 59 வரை
* மூன்றாம் வகுப்பு - 40 முதல் 49 வரை

கட்டுரை வடிவத் தேர்வுகளில் 80க்கு மேல் மதிப்பெண் வழங்கப்படுவது அரிது. எனவே அங்கு 65 என்பது நல்ல மதிப்பெண்ணாகவே கொள்ளப்படுகிறது.

தமிழ்நாட்டு வகுப்புகளுடன் ஒப்பீடு

1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. வகுப்புப் பெயர்கள் இரு நாடுகளிலும் ஒத்திருப்பதற்கு இத்தொடர்பே காரணம். ஆனால் எல்லைகள் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் பட்டங்களில் பொதுவாக 60 விழுக்காட்டிலேயே முதல் வகுப்பு தொடங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டங்கள் 10 புள்ளி அளவுகோலில் மதிப்பிடப்படுகின்றன. அங்கு தனிச்சிறப்புடன் கூடிய முதல் வகுப்பு பெற 8.50 சராசரி தேவை. அரியர் இன்றி முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருக்கவும் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பெரம்பலூர் மாவட்டம் எறையூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், 1982 இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் 63 விழுக்காடு பெற்றதாகக் கொள்வோம். அவரது சான்றிதழில் "முதல் வகுப்பு" என்றிருக்கும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, இந்தியப் பட்டத்தில் பெற்ற 60 விழுக்காட்டை அல்லது அதற்குச் சற்று மேற்பட்டதை 2:1 க்கு ஈடாக ஏற்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் இந்திய நிறுவனத்தைப் பொறுத்துக் கூடுதல் மதிப்பெண் கோருகின்றன. ஆகவே இம்மாணவர் பிரித்தானிய முதல் வகுப்புக்கு இணையானவர் அல்லர். அதே வேளையில் 2:1 கோரும் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கத் தயங்கவும் வேண்டியதில்லை.

அமெரிக்க முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய வகுப்புகள் இல்லை, 4.0 புள்ளி அளவுகோல் வழக்கில் உள்ளது. அங்கு பட்டம் பெற்று விண்ணப்பிப்போரிடம் 2:1 க்கு ஈடாக 3.0 முதல் 3.3 வரையிலான சராசரியைக் கோருவது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிடையே பரவலான வழக்கம்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பதாரர் தம் மதிப்பெண்ணைப் பிரித்தானிய வகுப்பாகத் தாமே மாற்றி எழுதுவது தவறு. சான்றிதழில் உள்ள மதிப்பெண்ணையும் அதன் அளவுகோலையும் உள்ளவாறே தர வேண்டும், 10க்கு 7.8 என்பதை 78 விழுக்காடு என எழுதலாகாது. ஈடு காண்பது சேர்க்கை அலுவலகத்தின் பணியாகும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இந்திய மாணவர்களுக்கான தகுதியைத் தனியே வெளியிடுகின்றன. இத்தகுதி படிப்புக்குப் படிப்பு மாறுவதால், விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன் உரிய படிப்புக்கான தகுதியைச் சரிபார்ப்பது நன்று.